புதன்கிழமைச் சிரிப்பு

மூன்றாவது புதன்கிழமை என் மனைவி சிரித்தாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அது கேட்டது. நான் வெளியே, சுவரோரம் போட்டிருந்த ஏழு கதிரைகளில் இரண்டாவதில் இருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி இருபத்திரண்டு நிமிடம். கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வந்த ஐந்து மாதத்தில் அவளிடமிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அதை அவள் எனக்குத் தரவில்லை. மூக்கில் சின்ன மின்னி போட்ட, முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாள்.

அந்தப் பிள்ளை, மனதில் இருப்பதைக் கேட்கும் உளவளத்துணையாளர். பம்பலப்பிட்டியில், காலி வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே அவவின் அறை. இருபத்தொரு படி ஏற வேண்டும். ஒவ்வொரு புதனும் நாலு மணிக்கு என் மனைவி உள்ளே போவாள். ஐம்பது நிமிடம். நான் கூட்டிக்கொண்டு போகும் ஆள், கூட்டிக்கொண்டு வரும் ஆள்.

எல்லாம் பிரஷர் பார்க்கப் போன இடத்தில் தொடங்கியது. எங்கள் வழக்கமான டொக்டர், நித்திரை எப்படி என்றுதான் கேட்டார். அவள் சொன்னாள்: "டொக்டர், எனக்கு அழுகை வருகுதில்லை. சிரிப்பும் வருகுதில்லை. மரத்துப்போன கைமாதிரி இருக்கு." பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு இது புதுச் செய்தி. கலியாணம் கட்டி நாற்பத்து மூன்று வருடம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் உண்மைதான். ஒரே மகள் பிள்ளைகளோடு மெல்பேர்ண் போனபோது அவள் விமான நிலையத்தில் அழவில்லை. நான் பயணப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்; ஏழு. பிறகு, இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு என்று, முப்பத்தெட்டு வருடம் இருந்த கொட்டாஞ்சேனை வீட்டை விற்று வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடிக்கு வந்தோம். அப்போதும் அவள் அழவில்லை. நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பலில் இருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதிய ஆள். வீட்டுச் சாமான் கட்டிய அறுபத்து நாலு பெட்டிக்கும் நீலப் பேனையால் இலக்கம் போட்டேன். ஒரு பெட்டிகூடத் தொலையவில்லை.

டொக்டர் குளிசை எழுதவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தார். வழியில் நான் சொன்னேன்:

"ஃபாதரிட்டப் போனா பத்து நிமிசத்தில முடிஞ்சிடுமே."

"ஃபாதரிட்டப் பாவத்தைத்தான் சொல்லலாம்," என்றாள். "இது பாவமில்லையே."

"அப்ப என்னட்டச் சொல்லுமன்."

அவள் நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸின் ஜன்னலால் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிரித்த அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உள்ளுக்கு என்ன கதைச்சனீர்?"

"சும்மா."

"சும்மாவுக்கோ ஐம்பது நிமிசம்?"

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

அடுத்த நாள் எண்ணிப் பார்த்தேன். காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை அவள் எனக்குச் சொன்னது பதினொரு வசனம். அதில் நாலு சாப்பாடு, மூன்று மருந்து, இரண்டு லிஃப்ட். மிச்சம் இரண்டும் "ஓம்". பல்கனியில் இருந்தால் கடலோரம் போகும் ரயில்கள் தெரியும். ரயில்கூட என்னோடு அவளைவிட அதிகம் கதைத்தது.

நாலாவது புதன் அவளுடைய கைப்பையில் வீட்டுத் திறப்பைத் தேடினேன். கசங்கிய டிஷ்யூ இரண்டு இருந்தன. ஈரம் காயவில்லை. அழுதும் இருக்கிறாள். சிரிப்புப் போனதைப் பொறுத்திருப்பேன், அழுகையும் அங்கேதானா? என்னைப் பற்றித்தான் அழுதாளா, இல்லை நான் அதிலும் இல்லையா? எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் மின்னியைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை நானே அழைப்பு எடுத்தேன். எனக்கும் ஒரு நேரம் வேண்டும் என்றேன். வெள்ளி மூன்று மணி கிடைத்தது. மனைவியிடம் புறக்கோட்டைக்குக் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்றேன்.

உள்ளே இரண்டு கதிரை, ஒரு மேசை, ஒரு டிஷ்யூப் பெட்டி. அந்தப் பிள்ளையின் நெற்றியில் மெல்லிய திருநீறு. இருந்த உடனேயே கேட்டேன்.

"பிள்ளை, அவ இஞ்ச என்ன சொல்லுறா?"

"அன்ரி சொன்னதை நான் சொல்லேலாது அங்கிள். நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ."

சின்ன அறை, சாத்திய கதவு, தலையைச் சரித்துக் கேட்கக் காத்திருக்கும் ஒருவர். ஏழு வயதில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஃபாதரிடம் பாவம் சொல்லப் பழக்கியதை என் வாய் தானாகவே எடுத்துக்கொண்டது. நான் தலையைக் குனிந்தேன்.

"கடைசியாப் பாவசங்கீர்த்தனம் செய்து ரெண்டு மாசம். பொய் நாலு. பூசைக்குப் போகாத ஞாயிறு ரெண்டு. கோபம் பதினாறு." பாவத்தை வகையும் தொகையுமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். சொல்லி முடித்துப் பரிகாரச் செபத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோதுதான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது. காது சுட்டது.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "பதினாறு கோபத்தில ஒண்டைச் சொல்லுங்கோ அங்கிள். எது எண்டாலும் பரவாயில்லை."

அறுபத்தைந்து வருடத்தில் எந்தக் குருவானவரும் அப்படிக் கேட்டதில்லை. எத்தனை என்று சொன்னால் போதும்.

"அவ இதுக்குள்ள இருந்து சிரிச்சா," என்றேன். "அது."

"அது கோபமா?"

மேசையில் இருந்த டிஷ்யூப் பெட்டியைப் பார்த்தேன். "இல்லை. எரிச்சல். உம்மில." பிறகு சொன்னேன்: "பொறாமை."

"எத்தினை தரம்?" என்று அவ கேட்பா என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அதை நான் எண்ணவில்லை. அவ கேட்டது வேறு: "இதை அன்ரிக்குச் சொல்லியிருக்கிறீங்களா?"

வீட்டுக்கு வந்தபோது அவள் பல்கனியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கண்ணாடிக் கடைக்குப் போகேல்லை," என்றேன்.

"தெரியும். கண்ணாடி மாத்தப் போற மனிசன் சேர்ட் அயர்ன் பண்ணிப் போறதோ?" கத்தியைக் கீழே வைத்தாள். "என்ர இடத்துக்குப் போனனீங்கள். அவவிட்ட என்ன கதைச்சனீங்கள்?"

என்ர இடம். அவளுடைய குரலில் சூடு இருந்தது. எனக்கு அது நன்றாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். சும்மா என்று சொல்ல நாக்கு நுனியில் வந்தது. ஆனால் தலை குனிந்ததையும், பொய் நாலு, கோபம் பதினாறு என்றதையும், பரிகாரத்துக்குக் காத்திருந்ததையும் சொன்னேன்.

"அந்தச் சைவப் பிள்ளையிட்டயோ? பாவசங்கீர்த்தனமோ?" அவள் சிரிக்கத் தொடங்கினாள். வெங்காயத் தோல் மடியிலிருந்து பறந்தது. "எத்தினை அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஏன் கோபம் எண்டு கேட்டா."

"என்ன சொன்னனீங்கள்?"

"நீர் அங்க சிரிக்கிறீர். இஞ்ச சிரிக்கிறதில்லை எண்டு."

சிரிப்பு நின்றது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னப்பா செய்யிறது," என்றாள். "அழ வேண்டிய நேரமெல்லாம் நீங்கள் பக்கத்தில நிண்டு எண்ணிக்கொண்டிருந்தீங்கள். மகள் போகேக்க ஏழு. வீட்டைப் பூட்டேக்க அறுபத்து நாலு. நான் அழுதா உங்கட எண்ணிக்கை பிழைச்சிடும் எண்டு பேசாமல் இருந்திட்டன். பிறகு வரச் சொன்னாலும் வருகுதில்லை."

அன்று அவள் எவ்வளவு நேரம் அழுதாள் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தை உள்ளே மேசையில் கழற்றி வைத்திருந்தேன். எழுந்துபோய் எடுக்கவில்லை. ரயில் போனது. எத்தனை பெட்டி என்று பார்க்கவில்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "புதன்கிழமை இதை அவவிட்டச் சொல்ல வேணும்."

"எதை?"

"அருள் நிறைந்த மரியே கதையை."

புதன்கிழமை இருபத்தொரு படி ஏறி இரண்டாவது கதிரையில் இருந்தேன். பதினேழாவது நிமிடம் உள்ளே இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அது என்னுடைய சிரிப்பு, நான் கொடுத்தது. கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன். முப்பத்தைந்தாவது நிமிடம் இன்னொரு சிரிப்புக் கேட்டது. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. வழியில் பஸ்ஸில் கேட்க வேண்டும்.