புடவையின் மறுபாதி

எங்கள் அப்பாவை ஊரில் எல்லோரும் மருந்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். நான் நான்காம் வகுப்புக்குப் போன புதிதில், திருக்கோவிலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். "மருந்து குடுக்கற வேலை டீச்சர்" என்றேன். எந்த ஆஸ்பத்திரியில் என்று டீச்சர் மரியாதையாகக் கேட்டார். வகுப்பே சிரித்தது. பருத்திக்கு மருந்தடிக்கிற கூலி ஆள் என்று பின்வரிசையிலிருந்து யாரோ விளக்கம் கொடுத்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பருத்திக்குச் சீக்கு வந்தால் தீர்த்துவைக்கிறவர் மருந்துக்காரர்தானே.

அப்பா கல்வராயன் மலையில் பிறந்தவர். அங்கே அவருடைய சனங்கள் சாமையும் தினையும் விதைத்து, புழுவும் குருவியும் தின்றது போக மிஞ்சியதை அறுத்துக்கொண்டு வந்தார்கள். மருந்து என்ற ஒன்றை அப்பா முதன்முதலாகப் பார்த்ததே கல்யாணமாகி, கச்சிராயபாளையத்துப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஊருக்குக் கூலி வேலைக்கு வந்த பிறகுதான். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அந்த வேலைக்குத் தயங்கினார்கள். அப்பா தயங்கவில்லை. தயங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பருத்தி இடுப்புயரம் வளர்ந்து காய்ப்புழு விழுந்துவிட்டால் அவருக்கு ஓய்ச்சல் இருக்காது. பிளாஸ்டிக் டிரம்மில் மருந்தை ஊற்றி, குச்சி கிடைத்தால் குச்சியால், கிடைக்காவிட்டால் கையால் கலக்கி, முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, மூக்கை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் இறங்குவார். நனைந்த செடிகள் உரசி உரசி லுங்கி தொப்பலாகிவிடும். சாயங்காலம் தொடையெல்லாம் எரிகிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்.

அம்மாவிடம் மஞ்சளில் நீலப் பூப்போட்ட பழைய நூல் புடவை ஒன்று இருந்தது. தம்பி பிறந்தபோது அம்மா அதை நடுவில் கிழித்து இரண்டாக்கினாள். ஒரு பாதி தம்பிக்கு ஏணை. உத்திரத்தில் தொங்கும் கயிற்றில் புடவையைக் கோத்து முடிந்துவிட்டால் குழந்தைக்குத் தொட்டில் ஆகிவிடும், எங்கள் பக்கம் அதற்கு ஏணை என்று பெயர். மறுபாதியை அப்பா மருந்தடிக்கும்போது இடுப்பிலிருந்து முழங்கால் வரை நாலைந்து சுற்றாகச் சுற்றிக்கொள்வார். மருந்தடிக்கிற ஆம்பளைகள் எல்லோருமே அப்படிப் பெண்டாட்டியின் பழம்புடவையைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். மருந்து தோலில் படாமல் புடவை குடித்துக்கொள்ளுமாம். புடவை குடித்தது அப்புறம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

மற்றபடி அப்பா ஜாக்கிரதையான ஆள். காலி மருந்து பாட்டில்களை யாரும் எண்ணெய் வாங்க எடுத்துப்போய்விடக் கூடாது என்று உடைத்துக் குழியில் போட்டு மூடுவார். மருந்தடித்த துணிகளைக் கொல்லைக் கடைசியில் முள்வேலியின் மேல்தான் போடுவார், வீட்டுக் கொடியில் போடமாட்டார். அந்த வேலிப் பக்கம் நாங்கள் போகக் கூடாது. எங்கள் நாய்கூடப் போகாது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தால், "கிட்ட வராத, குளிச்சிட்டு வரேன்" என்று தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிடுவார். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் கெட்டுப்போன பூண்டு மாதிரி ஒரு வாடை அவர் மேல் இருந்துகொண்டே இருக்கும். எனக்கு அது அப்பாவின் வாசனை. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் மேல் ஏன் அது இல்லை என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

மருந்தடித்த நாட்களில் அவருக்குத் தலை சுற்றும். சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்ன மறந்து உட்கார்ந்திருப்பார். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார். "மருந்து தலைக்கு ஏறிக்கினு இருக்குது, இன்னிக்கு அவரு சொல்றத எதையும் எடுத்துக்காத" என்பாள் அம்மா.

மறுநாள் வரப்போரம் மைனாக்கள் விழுந்து கிடக்கும், புழுவைத் தின்றவை. நானும் என் கூட்டாளிகளும் அவற்றைப் பொறுக்கி, எருக்கம்பூ மாலை போட்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டே ஊர்வலமாகத் தூக்கிப்போய்ப் புதைப்போம். ஒப்பாரியில் நான் கெட்டிக்காரி. அந்த வருஷம் எங்கள் விளையாட்டுக்குச் சாவுப் பஞ்சமே வரவில்லை. "பூ இவ்ளோ பூத்திருக்குது, ஒரு தேனீ காணம் பாரு" என்று அப்பா ஒருநாள் பருத்திக்காட்டைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது. கொட்டுகிற பூச்சி இல்லாவிட்டால் நல்லதுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அது ஒரு சனிக்கிழமை. அம்மா மரவள்ளிக் காட்டுக்குக் களையெடுக்கப் போயிருந்தாள். ஏழு மாதத் தம்பியை என்னிடம் விட்டிருந்தாள். அப்பா விடியற்காலையிலேயே மருந்தடிக்கப் போய், வெயில் ஏறியதும் திரும்பி, புடவைப் பாதியை வாய்க்காலில் அலசி வேலியில் போட்டுவிட்டுக் குளித்தார். இரண்டு வாய் தின்றார். வாசல் புங்கமரத்தடியில் விழுந்து அப்படியே தூங்கிப்போனார்.

பகல் ஏற ஏற தம்பி சிணுங்க ஆரம்பித்தான். ஏணையில் மூத்திரம் பெய்து வைத்திருந்தான். நான் பொறுப்பான பெண் என்று பெயரெடுக்கும் ஆசையில் அதை அவிழ்த்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். அது காய்வதாக இல்லை. தம்பி தூக்கத்துக்கு வீறிட்டுக் கத்தினான். அப்போதுதான் வேலியில் கிடந்த மறுபாதியைப் பார்த்தேன். அதே மஞ்சள், அதே நீலப் பூ, வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அலசிவிட்டாரே, காய்ந்துவிட்டதே, அப்பா தன் உடம்பிலேயே சுற்றிக்கொள்வதுதானே, தம்பிக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்று ஒன்பது வயதின் நியாயங்கள் வரிசையாக வந்தன. மர உரலை நகர்த்தி அதன்மேல் ஏறி, கயிற்றில் புடவையைக் கோத்து முடிச்சுப் போட்டேன். என் கைப்பலத்துக்கு முடிச்சு நிற்கவில்லை, நழுவியது. பின்னலிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை உருவி, முடிச்சின்மேல் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். தம்பி இடுப்பில் அரைஞாணைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவனைத் தூக்கி உள்ளே போட்டு ஆட்டினேன்.

வியர்த்துக் கொட்டியது அவனுக்கு. ஆனால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான். அத்தனை ஆழமாக அவன் அதுவரை தூங்கியதே இல்லை. அம்மா ஆட்டினால்கூட நடுநடுவே விழித்துச் சிணுங்குகிறவன், நான் ஆட்டியதற்கு அசையாமல் கிடந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளங்கை லேசாக எரிந்தது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கல்லாங்காய் ஆடினேன்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா வந்தாள். பால் கட்டி மார் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"புள்ள பாலுக்கு அழலியாடி?"

"இல்லம்மா, நான் ஆட்டி வுட்டேன். அப்பலர்ந்து தூங்கிக்கினு இருக்கான்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அம்மா ஏணையை விலக்கித் தம்பியைத் தூக்கினாள். கை கால்கள் துவண்டு தொங்கின. வாயிலிருந்து கோழை நூலாக வழிந்தது. இமையைப் பிரித்துப் பார்த்தாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் அப்பா எழுந்து ஓடிவந்தார்.

அவர் முதலில் தம்பியைப் பார்த்தார். பிறகு ஏணையைப் பார்த்தார், அண்ணாந்து முடிச்சைப் பார்த்தார். அடுத்த நொடி அம்மாவின் கையிலிருந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு அடிபம்புக்கு ஓடி, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

"புள்ள சில்லுனு இருக்கறான், தண்ணிய ஊத்தறீங்களே!" என்று அம்மா அவர் தோளில் அடித்தாள்.

"மருந்துடி. மருந்து பட்டிருக்குது. பம்ப அடி."

அப்போதுதான் அம்மாவுக்கும் அது எந்தப் பாதி என்று உறைத்தது. வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். "அத யாரு உத்தரத்துல கட்டனது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் அப்பா, குனிந்த தலை நிமிராமல், "நான்தான்" என்றார். "தூக்கக் கலக்கம். இந்தப் பாதின்னு நெனச்சி அந்தப் பாதியக் கட்டிட்டேன்."

எதிர்வீட்டுப் பெரியப்பா டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா தம்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஏறினாள், கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அப்பா பஸ்ஸில் போக வேண்டும். அதற்கு முன்னால் அவர் ஏணையை அவிழ்த்துச் சுருட்டி, பாட்டில் புதைக்கும் குழியில் போட்டு மண் தள்ளினார். போகிற போக்கில் என்னிடம், "கையக் கழுவு. சோப்பு போட்டு நல்லா கழுவு. பாவாடைய மாத்திக்க" என்றார்.

தம்பி பிழைத்துவிட்டான். ஊசிமேல் ஊசி போட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் அனுப்பினார்கள். ஆனால் அம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நைனார்பாளையத்து மாமா, அம்மாவின் அண்ணன், தங்கையையும் குழந்தையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். துணிமணி எடுக்க எங்கள் ஊருக்கு வந்தவர், தெருவே பார்க்க அப்பாவை நிற்கவைத்துப் பேசினார்.

"யோவ், இன்னா மனுஷன்யா நீ? பெத்த புள்ளைய வெஷத்துல படுக்க வச்சியே, கண்ணு அவிஞ்சா போச்சி உனுக்கு? பாட்டில ஒடச்சிப் பொதச்சியே, அந்தப் புத்தி அன்னிக்கு எங்க போச்சி?"

அப்பா துணிமூட்டையைக் கட்டி அவரிடம் கொடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. மருந்து தலைக்கு ஏறி அப்பாவுக்கு எல்லாம் குழம்பிவிட்டது, தானேதான் கட்டினோம் என்று அவர் நிஜமாகவே நம்புகிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அன்றைக்கு அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அம்மாவே சொல்வாளே. அவர் குழப்பத்தில் நான் தப்பித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நாளில், ஒருவேளை அவர்தான் கட்டினாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பருத்தி எடுப்பு முடிந்த பிறகுதான் அம்மா திரும்பி வந்தாள். அப்பா அதற்குள் மருந்தடிப்பதை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தார். ஊர் அவரை மருந்துக்காரர் என்று சொல்வதை நிறுத்தவில்லை, சொல்லும் விதம்தான் மாறியது. அம்மா மறுபடி அவரிடம் தம்பியைக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தம்பிக்குப் படிப்பு ஏறாதபோதும், அடிக்கடி காய்ச்சலில் விழுந்தபோதும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாமலேயே, அம்மா அப்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். தம்பி வளர்ந்த பிறகு அப்பாவிடம் பேச்சு வளர்ந்தால், "நீ என்னக் கொல்லப் பாத்தவன்தானே" என்பான், பாதி விளையாட்டாக. அப்பா சிரித்துக்கொள்வார்.

பின்னாளில் அவர் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. எதனால் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. போன வருஷம் இறந்துபோனார். கொள்ளி வைத்துவிட்டு வந்த தம்பி அழவில்லை. அவன் அழாததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும் என்றும், அப்பாவே அறியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஜூனில் என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். புது ரிப்பன் வாங்கி வந்து, நூல் பிரியாமல் இருக்க இரண்டு முனைகளையும் தீக்குச்சியில் பொசுக்கினேன். எங்கள் அம்மா என் ரிப்பன்களை அடுப்புத் தணலில் அப்படித்தான் பொசுக்கித் தருவாள். முனை கருகிச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. கையிலிருந்த தீக்குச்சி விரலைச் சுட்டபிறகுதான் கீழே போட்டேன்.

தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்பா எனக்குச் சோறாக்கிப் போட ஞாயிறு சாயங்காலம் வந்து, காலையில் மறுபடி கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ரிப்பன் இல்லாமல் போனால் டீச்சர் வெளியே நிறுத்திவிடுவார் என்று எனக்கு ஒரே கவலை. ஒன்று எங்கே போனது என்று வெளியில் சொல்லவும் முடியாது. தலைவாரச் சீப்பை எடுக்கப் போனால், மாடத்தில் சீப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் மடித்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். முனைகள் கருகவில்லை, கடையில் கத்தரித்தபடியே நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தன. அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். தொலைந்தது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், நான் இரட்டைப் பின்னல் போட்டு இரண்டு ரிப்பனும் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.