மார்கழிக் குளிரும் மெக்கானிக் சம்பத்தும்

மோகன் முதன்முதலில் சம்பத்தைப் பார்த்ததே திட்டு வாங்கிக்கொண்டுதான். 2003ஆம் வருடம், மார்கழி பிறந்த மூன்றாம் நாள். கேளம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கும் தன் ஊரில் நாலு பேரை வைத்துத் தள்ளிக் கிளப்பிய பிக்கப் வண்டியை, இஞ்சினை அணைக்காமல் சம்பத்தின் தகரக் கொட்டகை முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தான். வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஆள் அங்கிருந்தே கத்தினான்.

"இன்னாத்துக்குய்யா இப்டி அலற வுடுற? நான் இன்னா செவுடா?"

வெளியே வந்தவனுக்கு மோகன் வயதுதான் இருக்கும். முப்பதைத் தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே முன்கண்ணாடியில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தான். "இரா. மோகன், பி.காம். வண்டியா டிகிரி வாங்குச்சி?"

மோகனுக்குச் சுருக்கென்றது. செங்கல்பட்டுக் கல்லூரிக்கு மூன்று வருடம் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போய் வாங்கிய பட்டம் அது. அவன் வம்சத்திலேயே முதல் பட்டம். உத்தியோகத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய்த்தான் வண்டி வாங்கி, மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்குத் தினமும் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"காலையில குளிருக்கு ஸ்டார்ட் ஆவல. பகல்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றான்.

"டீசல் வண்டின்னா உள்ள சூடு வேணும். ஹீட்டர் பிளக் செத்துப் பூட்டிருக்கும்" என்றான் சம்பத்.

நாலு பிளக்கையும் மாற்றினான். பழையதைக் கம்பியில் கோத்து, அட்டையில் மோகன் பேரை எழுதிச் சுவரில் மாட்டினான். மாற்றாமல் மாற்றினேன் என்கிறான் என்று ஒருத்தனும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவன் வைத்திருந்த வழக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பத்து வருடம் லாரி பட்டறைகளில் அடிபட்டு, இரண்டு வருடம் முன்புதான் சொந்தமாகக் கொட்டகை போட்டிருந்தான். மனைவி ராஜத்தின் வளையலைத் தவிர அதற்கு அவன் போட்ட முதல், தன் பேர் ஒன்றுதான்.

மறுநாள் விடியற்காலையும் வண்டி மக்கர் செய்தது. சம்பத் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் ஏற்றினான். அதற்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு ராத்திரி வண்டியைக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டு, விடிகாலை ஐந்து மணிக்கு மோகனை வரச்சொன்னான். அவன் கண்ணெதிரே சாவியைத் திருகினான். ஒரே செல்ஃபில் பிடித்தது.

"இங்க குளுரு இல்லியா, பி.காமு? உங்கூருல மட்டும் ஐஸ் கொட்டுதா?"

அன்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போன வண்டி அடுத்த நாள் காலையில் அசையவில்லை. ஓட்டலில் தாமதத்துக்கு மோகன் நின்றுகொண்டே வசவு வாங்கினான். அந்தச் சூட்டோடு கேளம்பாக்கம் வண்டி ஸ்டாண்டுக்குப் போய், பத்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வாய்விட்டான். "சம்பத்து ஃபிராடு. அவன் கொட்டாயில ஸ்டார்ட் ஆவுது, நம்ம வூட்ல ஆவல. வேணும்னே எதையோ கழட்டி வுட்டு அனுப்புறான். ஒருத்தனும் அவங்கிட்ட வண்டிய வுடாதீங்க."

படித்தவன் சொன்னதாயிற்றே! மூன்றாம் நாள் சம்பத்திடம் வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு வண்டிகள் எதிர்ச்சாரியில் இருந்த ராமதாஸ் பட்டறைக்குப் போய்விட்டன.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு மொபெட்டில் சம்பத் மோகன் வீட்டு வாசலில் வந்து இறங்கினான்.

"எங்கய்யா வண்டி?"

"ஏரிக்கரையில."

"ஏன், தெருவுல நின்னா கறுத்துப் பூடுமா?"

கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்த பக்கத்து வீட்டுச் சந்திரம்மா பதில் சொன்னாள். "மார்கழி முச்சூடும் தெருவுல வண்டி நிக்கக் கூடாது நைனா. அகலமா கோலம் போடுறோம்ல. ஒண்ணாந்தேதியே எடுக்கச் சொல்லிட்டோம்."

சம்பத் கரைக்கு நடந்தான். பெருமாள் கோயிலைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று மோகன் வண்டியைச் சரிவில் மூக்கை மேலே தூக்கி நிறுத்தியிருந்தான். சம்பத் குனிந்து, மேலே இருந்த இஞ்சினையும் கீழே இருந்த டேங்கையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு டீசல் ஃபில்டரின் தலைத் திருகாணியைத் தளர்த்தி, அதிலிருந்த கைப்பம்பை அழுத்தினான். டீசல் வரவில்லை. நுரை வந்தது, வெறும் காற்று.

"இஞ்சின் மேல, டேங்கு கீழ. டியூபுல எங்கியோ கீறல் கீது. ராவெல்லாம் காத்து பூந்து டீசல் கீழ எறங்கிக்கினு கீது. சமதரையில எறங்காது. குளுருமில்ல, மயிருமில்ல."

"டிகிரி படிச்சவன்கிட்ட கத வுடாத."

"அப்ப இன்னிக்கு ராவு திருப்பி நிறுத்துய்யா. மூக்கு கீழ இருக்கட்டும்."

திருப்பி நிறுத்தினான் மோகன். மறுநாள் சம்பத்தும் வந்து நிற்க, சாவியைத் தொட்டதும் வண்டி பிடித்தது. ஃபில்டருக்குக் கீழே ரப்பர் டியூபில் தலைமுடி அகலத்துக்கு வெடிப்பு இருந்தது. சம்பத் அதை அங்கேயே மாற்றினான்.

"சரிவுல நிறுத்துறத மொத நாளே சொல்றதுக்கு இன்னா கேடு?" என்றான் சம்பத்.

"எங்க நிறுத்துறன்னு நீ கேட்டியா?" என்றான் மோகன்.

"கேக்கல. அது என் தப்பு, ஒத்துக்கறேன். நீ ஸ்டாண்டுக்கு வந்து, நீ சொன்னது பொய்யின்னு அதே பத்து பேருக்கு முன்னால சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டானுங்க. உன் பேச்சுதான் எடுபடும்."

"வண்டி சரியாயிடுச்சின்னு சொல்றேன்."

"யோவ், வண்டிய பத்தி எவன் கேட்டான்? என்ன பத்தி சொல்லு!"

கண்ணாடியில் எழுதியிருந்த பட்டத்தைப் பார்த்து அந்தப் பத்து பேரும் சிரிக்கப்போவது மோகன் கண்முன் வந்தது. வண்டியில் ஏறினான். ஓட்டலுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தான். திரும்பும் வழியில் ஸ்டாண்டில் டீயும் குடித்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே போயிற்று.

வண்டிகள் வராத கொட்டகையை வைத்துக்கொண்டு சம்பத் ஆடி மாதம் வரை தாக்குப்பிடித்தான். பிறகு தகரத்தைப் பிரித்து விற்றுவிட்டான். மூன்று வருடம் கழித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று மோகன் தேடிக்கொண்டு போய் அவன் வேலை செய்யும் இடத்தின் வாசலில் நின்றான். அப்படி யாரையும் தனக்குத் தெரியாது என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பிவிட்டான் சம்பத்.

இப்போது சம்பத் சிறுசேரியில், ஆபீஸ் ஆட்களை ஏற்றிப்போகும் கார் கம்பெனி ஒன்றின் பட்டறையில் காலை ஷிஃப்டில் வேலை செய்கிறான். அவனும் ராஜமும் கேளம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.