கறிவேப்பிலைக்கு வீட்டுக்குள் இடம் கிடைத்தது

இன்று காலை எங்கள் ஃப்ளாட் ஆபீஸ் தம்பி நோட்டீஸோடு மூன்றாம் மாடிக்கு வந்தார். காரிடாரில் செடி வைக்கக் கூடாதாம். மாலைக்குள் எடுக்காவிட்டால் அவர்களே தூக்கிப் போட்டுவிடுவார்களாம்.

என் கறிவேப்பிலைக்கு வயது ஆறு. பெயிண்ட் வாளியில் நின்றுகொண்டே மாடி முழுவதற்கும் தாளிக்க இலை கொடுக்கிறது.

"ஏன் தம்பி, உங்க வீட்டு ரசத்துல நோட்டீஸ கிள்ளியா போடுறீங்க?"

"ரூல்ஸ் அக்கா. நான் என்னா செய்ய முடியும்லா?"

பாவம், அவரைத் திட்டி என்ன பயன்? ஆனால் செடியை விடுவதாக இல்லை.

எங்கள் வீட்டுக்குள் வெயில் விழுவது ஜன்னலோரம் மட்டும்தான். அங்கே என் வீட்டுக்காரரின் சாய்வு நாற்காலி கிடந்தது. அதை வெளியே தள்ளிவிட்டு, வாளியை மூச்சு வாங்க இழுத்து வந்து அங்கே வைத்தேன்.

பிறை என்ற ஊரில் ஃபேக்டரி வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என் நாற்காலி ஏன் வெளிய கெடக்கு?"

"செடிதாங்க வைக்கக் கூடாது. நாற்காலியப் பத்தி நோட்டீஸ்ல ஒன்னும் போடல."

இப்போது காரிடாரில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நாளைக்கு நாற்காலிக்கும் நோட்டீஸ் வந்தால் இவரை எங்கே வைப்பது? யோசனை இருந்தால் சொல்லுங்கள். ஜன்னலோரம் மட்டும் கேட்காதீர்கள்.