தண்ணீருக்குக் கட்டம் இல்லை

மூன்று பிள்ளைகளும் பசித்திருக்கும் வீட்டில் ஒன்றுக்கு மட்டும் ஊட்டச் சொன்னால், மற்ற இரண்டையும் வேடிக்கை பார்க்க வைத்துவிட்டு நீங்கள் ஊட்டுவீர்களா?

எங்கள் ஊர்ச் சுகாதார நிலைய ஊழியரை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக உத்தரத்துத் தராசில் குழந்தைகளைத் தொங்கவிட்டு நிறுக்கிறார். எடை குறைந்த குழந்தைக்கு வேர்க்கடலையும் பால்மாவும் கலந்த சத்துப்பசை, நாளுக்கு இரண்டு பாக்கெட். குறித்த எடையைத் தொட்டதும் அது நின்றுவிடும்.

செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒருத்தியின் கடைக்குட்டிக்கு மூன்று வாரமாக எடை ஏறவில்லை.

"பசையெல்லாம் எங்கடி போகுது? நீயே தின்னுடறியா?"

"நான் தின்னா இப்படியா இருப்பேன், அக்கா?" என்று அவள் குச்சிக் கையை நீட்டினாள். வரிசையே சிரித்தது.

"அடுத்த வாரமும் ஏறலேன்னா பேரை அடிச்சிடுவேன், பாத்துக்க."

சும்மா மிரட்டியதுதான். அப்படி ஒரு விதியே கிடையாது. அவள் நம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் முள் கோட்டைத் தாண்டியது. "திட்டினாத்தான் உனக்கு உறைக்குது" என்று சிரித்தபடி தராசக்கா 'குணமடைந்தது' என்று பதிந்தார். வாசலைக் கடக்குமுன் குழந்தை வாந்தியெடுத்தது. அத்தனையும் தண்ணீர்.

"பேரை அடிச்சிடுவேன்னீங்களே, அக்கா. அதான் வர்றதுக்கு முன்னாடி வயிறு முட்டத் தண்ணி கொடுத்தேன். பசைய மூணுக்கும் பங்கு போட்டுத்தான் கொடுத்தேன். மத்ததுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி…"

தராசக்கா மேற்பார்வையாளரைப் போனில் பிடித்தார்.

"பதிஞ்சதை அடிக்க முடியாதும்மா. திரும்பச் சேர்க்க ரெண்டு மாசம் ஆகும்."

"வயித்துல இருந்தது தண்ணி சார்."

"தண்ணிக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

அலமாரியில் பாக்கெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வேறொரு குழந்தையின் பெயர்.

அதிலிருந்து ஐந்தாம் வாரம் அந்தக் குழந்தை செத்துப்போனது. தலையெழுத்து என்றார்கள் அக்கம்பக்கத்தார். மேசை போட்டு உட்கார்ந்து மனிதர்கள் எழுதியதற்கு அந்தப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தராசக்கா இப்போது யாரையும் திட்டுவதில்லை. "வீட்ல இன்னும் எத்தனை பேரு?" என்று கேட்டு, அந்த எண்ணைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதுகிறார். மேலே போகும் நகலில் ஓரம் விழுவதில்லை. அவருக்கும் அது தெரியும்.

உங்கள் பகுதி நிலையத்துக்கு ஒரு நாள் போங்கள். வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கான கட்டம் எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள்.