ஞாயிற்றுக்கிழமைத் துண்டு

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் தலையில் பாதாம் எண்ணெய் மணத்தது. என் கை தானாக நெற்றிக்குப் போனது.

அப்பாவின் வேலைத்துண்டிலும் இதே வாசனைதான். சுரங்கத்தில் பாறை பிளக்கும் ஜெலட்டின் குச்சிகளைக் கையாண்டவர் அவர். அந்த நெடி தலைவலியைக் கொடுக்கும். தினமும் முகர்ந்தால் ஓரளவு பழகிவிடும். ஒருநாள் விட்டாலோ, மறுநாள் ஷிப்டில் மண்டை பிளக்கும். அதனால் ஞாயிறு முழுக்க அந்தத் துவைக்காத துண்டைத் தலையில் கட்டியிருப்பார். சர்ச்சில் மட்டும் அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார்.

மைன்ஸை மூடினார்கள். சில வாரங்களில் அவருடைய தலைவலி அடியோடு போய்விட்டது. அம்மா துண்டைத் துவைக்க எடுத்தாள்.

"இன்னா பண்றே? வை அத."

"வலிதான் போச்சே, இன்னும் எதுக்கு?"

"நாளைக்கு ஷிப்டுக்குக் கூப்டாங்கன்னா?"

சாகும்வரை ஞாயிறுதோறும் கட்டினார். நாளடைவில் துண்டில் வாசனையே இல்லை. வீட்டில் எங்களுக்கு மட்டும் அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது.

"இன்னாக்கா, தலவலியா?" என்றாள் பக்கத்துப் பெண்.

அந்தத் துண்டின் நெடியில் எனக்கு வந்துகொண்டிருந்த ஒற்றைத் தலைவலி நின்று வெகு காலமாகிறது.

"இல்லம்மா" என்றேன். கையை எடுக்கவில்லை.