செத்தவீடு என்று சொல்லிப் பார்த்த படம்

ஒரு கொலைக்குப் பதினொரு பாட்டு. யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு அந்தத் துப்பறியும் படம் வந்தபோது, நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு. கலியாணமாகி அவள் பார்க்கப்போகும் முதல் படம். உடுக்கிற சேலையைக்கூடப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டாள். எனக்கோ வியாழக்கிழமைக்கு மேல் பொறுக்க முடியவில்லை. கூட வேலை செய்பவரின் பெரியப்பா அளவெட்டியில் தவறிவிட்டார் என்று ஒரு மனிதரை வாயாலேயே சாகடித்துவிட்டு, வடக்கே போகவேண்டியவன் கொக்குவிலில் தெற்கே பட்டணம் போகும் ரயிலில் ஏறினேன்.

படத்தைவிடப் படத்திலுள்ள பிழைகள்தான் எனக்கு ருசி. சந்தேகத்தில் பிடிபடுபவனின் கன்னத் தழும்பு இடைவேளைக்குள் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. விலங்கு மாட்ட வந்த இன்ஸ்பெக்டர் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் பாடி முடிக்கும்வரை அவன் இரண்டு கையையும் நீட்டியபடி மரியாதையாக நிற்கிறான். ஆற்றை நீந்திக் கடந்த கதாநாயகனுக்கோ வகிடு கலையவில்லை, சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"உந்தச் சட்டை எந்தக் கடையிலை வாங்கினது அண்ணை?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன். பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் புகழ் தலைக்கேறிவிட்டது. பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, ரயிலில் வரும்போது அதன் ஓரமெல்லாம் பிழைகளைப் பென்சிலால் குறித்து, வேட்டி மடியில் செருகிக்கொண்டேன்.

வந்தவன் நேரே குசினிக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் குடித்தேன். மனைவி அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"செத்தவீட்டாலை வந்தவர் குளிக்காமலே உள்ளுக்கை வாறியள்?"

செத்தவீட்டுக்குப் போனவன் தலை முழுகாமல் வீட்டுப்படி மிதிக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உண்மையாகவே கொலை செய்தவன்கூட இப்படி வியர்த்திருக்கமாட்டான். மறந்துபோனேன் என்று உளறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, உடுத்த உடுப்போடு வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். நாலாவது வாளியில்தான் மடி ஞாபகம் வந்தது. அது மலிவான சிவப்புக் கடதாசிப் புத்தகம். சாயம் கரைந்து வேட்டி முழுக்க வழிகிறது.

பின்னாலேயே வந்தவள் ஆற அமரப் பார்த்தாள். "ஆர் வெட்டினது?" என்றாள். பிறகு கையை நீட்டினாள். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒட்டிக்கிடந்த தாள்களை உரித்து என் குறிப்புகளை ஒன்றும் விடாமல் வாசித்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே கண்டுபிடிச்சிட்டியள். இனி நான் போய் என்னத்தைப் பாக்கிறது?"

சேலை திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. வெள்ளியும் சனியும் கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள்: படம் முடியும்வரை நான் வாய் திறக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் சால்வை நுனியைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தழும்பு மாறியது. விழுங்கிக்கொண்டேன். பிணத்தைச் சுற்றி நின்று எல்லோரும் உருகிப் பாடும் கட்டம் வந்தது. அவள் முழங்கையால் என்னை இடித்து, மண்டபத்துக்கே கேட்கச் சொன்னாள்:

"இஞ்சை பாருங்கோ, செத்தவர் தாளம் போடுறார்."

பார்த்தால், வெள்ளைத் துணிக்கு வெளியே நீட்டியிருந்த கால் பெருவிரல் அட்சரம் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பென்சில் தேய்த்த எனக்கு அது தெரியவில்லை. மண்டபம் குலுங்கியது. இவள் மிச்சப் படம் முழுக்க அந்த விரலை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். கொலை செய்தது யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.