மஞ்சள் விரிப்பு

வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் அறைக்குள் கொடிகட்டி, அடுப்புச் சூட்டில் துணி உலர்த்துகிற சலவைக்கடை உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். கடை என் அத்தையுடையது. மொட்டைமாடி சும்மா கிடந்தது. சட்டையில் புகை வாடை அடிக்கிறது என்று யாராவது முணுமுணுத்தால், வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் விடாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

காரணம் என் சித்தப்பா, அத்தையின் கடைக்குட்டித் தம்பி. யுத்த காலத்தில் விமானப் பயிற்சிக்குப் போனவர். மேலிருந்து பார்த்தால் நம் வீடு தெரியவேண்டும் என்று அத்தையிடம் கேட்டிருக்கிறார். எங்கள் மாடி நிறைய ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்புகள்; பக்கத்து மாடிகளிலும் வெள்ளைதான். அதனால் ஒரு விரிப்பை மஞ்சள் சாயத்தில் முக்கித் தினமும் காயப்போட்டாள். அவரும் இரண்டு முறை தலைக்கு மேலே வந்து இறக்கையைச் சாய்த்துக் காட்டினாராம். தெருவே அண்ணாந்து பார்த்தது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் மேகம் கறுத்தது. தூறல் விழுந்தால் சலவைக்காரி என்ன செய்வாள்? ஓடிப்போய் எல்லாத் துணியையும் வாரிக்கொண்டு வந்தாள், மஞ்சளையும் சேர்த்து. மறுநாள் செய்தி வந்தது. முந்தின நாள் பயிற்சியில் சித்தப்பாவின் விமானம் மேகத்தில் வழிதவறிவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை.

வீட்டைத் தேடித் தேடித்தான் தம்பி தொலைந்தான் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிடித்த பிடியை விடுகிறவளா அவள்? அதன்பிறகு மாடியில் ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை.

போன வருஷம் நரைத்த மனிதர் ஒருவர் கடைக்கு வந்தார். மகளுக்கு இங்கே வேலை மாற்றலாம், கூடவே வந்தாராம். மாடியில் மஞ்சள் விரிப்பு போடுகிற வீடு எது என்று தெருத்தெருவாகக் கேட்டு அலைந்திருக்கிறார். சித்தப்பாவோடு பயிற்சி எடுத்தவர். அன்று முன்னால் போன விமானத்தில் இருந்தவர்.

அத்தை அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அன்னிக்கு அவன் இந்தப் பக்கம் வந்தானா?"

"இல்லக்கா. எங்கள கடல் பக்கம் அனுப்பினாங்க. இந்த ஊர் நேர் எதிர்த் திசை. எங்க பறந்தோம்னு அப்ப வீட்டுக்குச் சொல்லக் கூடாது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"எனக்குப் பின்னாடியேதான் வந்தான். மேகத்துக்குள்ள நுழையறப்ப இருந்தான். வெளிய வந்து திரும்பிப் பார்த்தா இல்லக்கா."

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவர் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, சித்தப்பா மஞ்சள் விரிப்புப் புராணம் பாடிப் பாடி விடுதியில் எல்லோர் காதும் புளித்துப்போன கதையைச் சொன்னார். அத்தை அழுகையோடு சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை, டிரங்குப் பெட்டிக்குள் வெளுத்துக் கிடந்த அந்த விரிப்பைத் துவைத்து, முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே மாடியேறிக் காயப்போட்டாள். பின்னாலேயே ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஏறின. மத்தியானம் வானம் இருட்டியது. முதல் சொட்டு விழுந்ததும் மேலே ஓடினேன். அத்தையும் மூச்சு வாங்க ஏறி வந்து வெள்ளையை எல்லாம் உருவினாள். நான் மஞ்சளில் கை வைத்ததும் தடுத்தாள்.

"அது கிடக்கட்டும். நனைஞ்சா காயாமலா போகப்போகுது?"